கெட்டி ஸ்பிரிங்

ரேணிகுண்டாவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஆதிநாராயணன், பைக்கில் வந்து இறங்கிய யஸ்வந்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கிரீஸ் கை வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்" என்று அவர் தங்கையை ஊரார் முன்னால் வேண்டாமென்று சொன்னவரின் மகன் அவன்.

"பின்னாடி ஸ்பிரிங் உக்காந்துபோச்சு மாமா. நாளைக்குத் திருப்பதி போவணும்."

மாமாவாம்! அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எவ்ளோ வெயிட்டுடா நீ?"

"அம்பத்தஞ்சு கிலோ."

"கூட யாருனா வராங்களா?"

யஸ்வந்த் தயங்கினான். "இல்ல மாமா, ஒண்டியாத்தான் போறேன்."

ஆதிநாராயணன் உள்ளே போய், இரண்டு பேர் பாரத்தைத் தாங்கும் கெட்டி ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து வந்து மாட்டினார். ஒல்லியான ஒற்றை ஆள் ஏறினால், வழியிலுள்ள ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இடிக்கும். தங்கை அழுத அழுகைக்கு இவன் ஒரு வாரமாவது நிமிர முடியாமல் கிடக்கட்டும்.

"உன் உடம்புக்குன்னே பாத்துப் போட்டுருக்கேன். ஜம்முனு போய்க்கினே இரு" என்றார்.

மறுநாள் மதியம் யஸ்வந்த் போன் செய்தான்.

"என்னடா, முதுகு போச்சா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முதுகா? மெத்தையில உக்காந்த மாதிரி இருந்துச்சு மாமா! இருங்க, போன் குடுக்கிறேன்."

அடுத்து வந்த குரல், காலையில் வேலைக்குக் கிளம்பிப் போன அவருடைய மகள் கீர்த்தியின் குரல்.

"நைனா, இப்பதான் தாலி கட்னாரு. உனக்குப் பயந்துகினுதான் ஒண்டியாப் போறேன்னு சொன்னாராம். ஆனா ரெண்டு பேர் ஏறியும் வண்டி குலுங்கவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு நைனா, உனக்கு முழு சம்மதம்னு!"