ஆறு மாதக் கையெழுத்து

“கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு சொல்லித்தானே தம்பி தேர்தலில வெண்டனீர்?” இரத்தினவேல் தாளை மேசையில் வைத்தார்.

“ஓம் அண்ணை. இப்பவும் அதைத்தான் சொல்லுறன். சாமான் ஏத்த வான் வாசலில நிக்குது.”

வினோதன் ஊர்ச் சங்கத்தின் புதிய தலைவர். இரத்தினவேல் பழையவர். மல்வேர்ன் பகுதியில் பேபி அன்ரி வீட்டு பேஸ்மென்ட்தான் அலுவலகம். உறுப்பினர்களில் பாதிப் பேர் பக்கத்து நகரான பிக்கரிங்குக்குக் குடிபோனதும், அலுவலகமும் அங்கே மாறவேண்டும் என்று சங்க விதிகளான யாப்பில் எழுதினார்கள். தலைவர் விரும்பினால் ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்று கூடவே ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே மூன்று வருடம் ஓடிவிட்டது. பிக்கரிங்கில் இருக்கும் வினோதன் இந்தப் படியிறங்குவது இதுதான் முதல் தடவை.

“அமெரிக்காவிலயும் உதுதானே நடந்தது,” என்றான். “தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாத்தவேணும் எண்டு சட்டம். வோட்டுக் கேக்கேக்க மாத்துவம் எண்டுவினம். வெண்டாப்பிறகு ஆறு மாசத்துக்கொருக்கா தள்ளிவைச்சுக் கையெழுத்து. நீங்களும் அந்தச் சனாதிபதிமாரும் ஒண்டுதான்.”

“அவைக்கு வெள்ளை மாளிகை. எனக்கு பேஸ்மென்ட்.”

மேலேயிருந்து பேபி அன்ரியின் குரல் வந்தது. “கூட்டம் முடிஞ்சுதோ?”

“இன்னும் இல்லை அன்ரி!” என்றார் இரத்தினவேல்.

“என்ன கூட்டம்? நாங்கள் ரெண்டு பேர்தானே நிக்கிறம்?” என்றான் வினோதன்.

சுவரில் இருந்த சங்கப் பெயர்ப்பலகையின் முதல் திருகாணியைக் கழற்றினான்.

பேபி அன்ரி தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். மூன்று கோப்பைகள். இரண்டை அவர்களிடம் நீட்டினார். மூன்றாவதைத் தலைவர் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

“இவருக்குச் சீனி போடேல்லை. வந்தவுடன குடிக்கச் சொல்லுங்கோ. கூட்டமெண்டால் மனுசன் வீட்டை மறந்திடும்.”

அவர் மேலே போனார். கதிரைக்குப் பின்னால் ஸ்தாபகத் தலைவர் ஜெயரட்ணத்தின் படம் தொங்கியது. பேபி அன்ரியின் கணவர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய செத்தவீட்டில் வினோதனும் நின்றான்.

“படத்தில இருந்த மாலையை நாங்கள்தான் கழட்டினது,” என்றார் இரத்தினவேல். “ஒருக்கா உண்மையைச் சொல்லிப் பாத்தம். அவர் அண்டைக்குத்தான் செத்த மாதிரி அழுதவ. அடுத்தநாளும் மூண்டு தேத்தண்ணி கொண்டுவந்தவ.”

“தம்பியவை, முடிஞ்சுதோ?” மேலேயிருந்து மறுபடியும்.

வினோதன் திருகாணியைப் பழைய இடத்திலேயே முறுக்கினான். தாளை இழுத்துக் கையெழுத்து வைத்தான்.

“இல்லை அன்ரி. அங்கிள் இப்பத்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்.”