ஐந்து வருடத்தில் மின்சாரம்

அவள் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோதே அவர் கையை உயர்த்தினார்.

“போதும்மா. கரண்ட் எப்ப வரும்? அதை மட்டும் சொல்லுங்க.”

ரங்கபாஷ்யம். அரசின் நிதிக்குழுத் தலைவர். பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இணைவு ஆய்வு தொடர்வதா, ஆய்வகத்தை மூடுவதா என்பது இன்று அவர் கையில்.

அந்த ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை அவள். விளக்கினாள். சூரியனுக்குள் நடப்பதைத் தரையில் நடத்திப் பார்க்கும் முயற்சி. உலகமே இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. இங்கிருப்பது சின்ன இயந்திரம். மின்சாரம் தராது. அந்த நெருப்பை எப்படி அடக்குவது என்று கற்றுத்தரும்.

“அப்ப வெறும் விளையாட்டு.”

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். துறைத் தலைவர் ஞானமுத்துவும் சிரித்தார். அந்த ஆய்வக இடத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

“வெளக்கு எரியாத ஆராய்ச்சிக்கு ஜனங்க காசு எதுக்கும்மா?”

ஒருவர் கொட்டாவி விட்டார். வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

சுவரோரம் பெனிட்டா நின்றிருந்தாள். அவளுடைய ஆய்வு மாணவி. வேலையை விட்டுவிட்டு இந்த இயந்திரத்தை நம்பி வந்தவள். ஆய்வகத்தை மூடினால் அவளுக்குப் பட்டம் இல்லை.

பெனிட்டாவிடமிருந்து பார்வையைத் திருப்பி, “அஞ்சு வருஷம் சார்” என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது.

“அஞ்சு வருஷத்துல கரண்டா?”

“ஆமா சார்.”

“இந்த மெஷின்லயா?”

“இதுலதான்.”

ரங்கபாஷ்யம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

நிதி தொடரும் என்று அங்கேயே அறிவித்தார்.

ஞானமுத்து எழுந்து வந்து கைகொடுத்தார். பிடி இறுகியது.

“நல்லாவே பொய் சொல்றீங்க மேடம்.” அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “இனிமே என்னைப் பகைச்சுக்காதீங்க.”

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பியபோது பெனிட்டா இயந்திரத்தின் பம்பை நிறுத்தியிருந்தாள். அந்த அறை இத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

“இதுல கரண்ட் வராதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே மேடம்?”

“உனக்காகத்தான் சொன்னேன்.”

“நான் கேட்டேனா?”

குரல் உயர்ந்தது. குழுவினர் காப்பிக் கோப்பைகளோடு ஆய்வகத்தைப் பார்க்க நடைவழியில் வந்துகொண்டிருந்தார்கள்.

“மெதுவா பேசு.”

“பொய்யின்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க மேடம்.”

செருப்புச் சத்தம் நெருங்கியது.

“கதவைச் சாத்து” என்றாள் அவள்.

பெனிட்டா சாத்தினாள்.

வெளியே போய்.