முகத்துக்கு முகம்

விபத்தில் போன ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் வெளிநாட்டில் எங்கோ வருஷ நினைவு. அதற்காகக் கம்பெனிக்கு வந்த ஆர்டர், முந்நூறு பனியன். நெஞ்சில் இடப்பக்கம் தாயின் முகம், வலப்பக்கம் பிள்ளையின் முகம், இரண்டும் ரப்பர்போல் தடித்த சிலிக்கான் பிரிண்ட். நடுவில் மடித்தால் முகத்தின் மேல் முகம் படியும். கப்பலில் போகும்போது சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க இடையில் வழுவழுப்பான பட்டர் பேப்பர் வைத்து மடிப்பதுதான் துளசிமணியின் வேலை. ஒன்றே ஒன்றில் வைக்கவில்லை. சோதனைக்காகச் சூட்டுப் பெட்டியில் போட்டதில் அதுவே அகப்பட்டது.

“மறந்துட்டீங்களாக்கா?” சூப்பர்வைசர் நாச்சிமுத்து அதை அவள் முன் போட்டான். “பிரிங்க. எப்படிப் பிஞ்சு வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

ஓரத்தை லேசாக இழுத்தாள். பிள்ளையின் உதடு தாயின் கன்னத்தோடு போனது. கையை எடுத்துவிட்டாள். போன சித்திரையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், உயிர் போன தன் பிள்ளையை அவள் கையிலிருந்து பிரித்தெடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

“இழுங்கக்கா.”

“மாட்டனுங்க.”

ஒட்டியதை ஒட்டியபடியே கப்பலுக்குப் போகும் அட்டைப்பெட்டியின் அடியில் வைத்தாள். பேப்பர் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த பனியனை எடுத்து, முகத்தின் மேல் முகம் படிய நடுவில் மடித்தாள்.