பிரபு பிக்கிள்ஸுக்கு வணக்கம்

“எனக்கு வெள்ளி இறகு வேணும், மகாராஜா.”

ராஜாவின் தோள்கவசத்துக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மச்சான் கர்ட்டிஸின் கை அப்படியே நின்றது. ராணி விசிறியால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேட்கக் கூடாது. எங்கள் ராஜ்ஜியத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். வாள் வீசுவதும், வறுத்த கோழியைக் கையால் பிய்த்துத் தின்பதும் அதற்குப் பிறகுதான். விருது தானாக வரும். வாய்விட்டுக் கேட்டவருக்கு வராது.

ராஜ்ஜியம் என்பது அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு மாட்டுக் கண்காட்சிக் கொட்டகை; பழங்கால ராஜா ராணி வேஷம் போட்டு நாங்கள் கூடும் இடம். மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும். ராஜா டுவேன் மற்ற நாட்களில் மெத்தை விற்கிறார்.

நான் அவருடைய எழுத்தர். தோல்தாளின் ஓரமெல்லாம் கொடியும் பூவும் போட்டு, முயலோடு சண்டைபோடும் நத்தை வரைந்து, முதலெழுத்தின் மேல் வாயால் ஊதி ஊதித் தங்கரேக்கு ஒட்டி, யார் யாருக்கோ விருதுப் பத்திரம் எழுதுகிறேன். முட்டைக்கோஸ் சூப்புக்கு ஒன்று எழுதினேன். ராணியின் கோப்பையைச் சிந்தாமல் பிடித்து நின்றவனுக்கு ஒன்று எழுதினேன்.

போன கோடையில் வேறொரு எழுத்தர் அரைத்தூக்கத்தில் பெயரை மாற்றி, ராணியின் நாயுடைய பெயரை எழுதிவிட்டார். கட்டியங்காரர் நெட் அதை அப்படியே முழங்கிவிட்டார். சபையில் படித்தது படித்ததுதான், ராஜாவே மாற்ற முடியாது. அன்றிலிருந்து பிக்கிள்ஸ் ஒரு பிரபு. எதிரே வந்தால் குனிந்து வணங்குகிறோம். இப்போது திரைக்குப் பின்னால் ராஜாவைப் பார்க்க வரும் வழியில்கூட வணங்கிவிட்டுத்தான் வந்தேன்.

எழுத்தர்களுக்கென்று இருப்பது வெள்ளி இறகு விருது. அதுதான் எனக்கு வரவில்லை.

வராமலே போனாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் கடைசி வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா கோழி ஆலையில் எலும்பு உருவிக்கொண்டிருந்தாள். லீவு தரவில்லை. ஒரு சனிக்கிழமைகூட லீவு போடாதவள், இன்று என்னவோ வந்திருக்கிறாள். யாரோ மாட்டிவிட்ட ஊதா அங்கி. அதற்குக் கீழே ஆலையின் ரப்பர் பூட்ஸ்.

“உன் பேரை எப்படி கூப்பிடுவாங்க?” என்று ரகசியமாகக் கேட்டாள்.

“இங்க என்னை ஷெல்பின்னு கூப்பிட மாட்டாங்கம்மா. ஆல்டித் சீமாட்டி.”

“அது எவ?”

அம்மா காதுபட ஒருமுறையாவது என்னை மேடைக்குக் கூப்பிடட்டும் என்றுதான் எழுந்து வந்து கேட்டேன்.

“அட கூறுகெட்டவளே!” என்றார் ராஜா. “உங்கம்மா சும்மாவா வந்தாங்க? ராணியே போன் போட்டு வரவழைச்சது. காலையில நீ குடுத்த பத்திரத்துல பேருக்கு இடம் விட்டிருக்கே, அது யாருக்குன்னு நெனச்சே?”

நான் கையை நீட்டினேன்.

“அப்ப குடுங்க.”

“இப்ப எப்படிக் குடுக்கிறது? நீதான் கேட்டுட்டியே!”

நெட் பக்கம் திரும்பினேன். அவர் வருத்தமாகத் தலையாட்டினார். “கேட்டவங்களுக்கு இல்ல. சட்டம்.”

“எங்க எழுதியிருக்கு?”

“எழுதல. அதனாலதான் மாத்த முடியாது.”

வெளியே எக்காளம் ஊதிவிட்டார்கள். வெள்ளி இறகு உண்டென்று காலையிலேயே அறிவித்தாயிற்று. தங்கம் காய்ந்தாயிற்று. யாருக்காவது கொடுத்தாக வேண்டும். ராஜா சுற்றிலும் பார்த்தார். அவர் கண் மச்சான் மேல் போய் நின்றது.

“கர்ட்டிஸ் பேரை எழுதிடு.”

“எனக்கா? ஐயோ மாமா, என் எழுத்து கோழிக் கிறுக்கல்.”

“வாங்கிக்கடா. இவளே எழுதட்டும். இவ கையெழுத்து நல்லாத்தானே இருக்கு.”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

பத்திரத்தை விரித்தேன். விட்டிருந்த இடத்தில் பெயரை எழுதினேன். இத்தனை அழகாக நான் எதையும் எழுதியதில்லை. மை காய்ந்ததும் மெல்லிய தாளால் மூடி, நூல் கட்டி நெட்டிடம் கொடுத்தேன். தங்கம் உரசிவிடும் என்பதால் சபைக்கு முன்னால்தான் அவிழ்ப்பார்.

இறகுப் பேனாவைத் துடைத்து கர்ட்டிஸ் கையில் வைத்தேன். இனி சூப்புக்கு அவன் எழுதட்டும்.

கடைசி வரிசைக்குப் போய், “கெளம்பும்மா,” என்றேன்.

அம்மா திடுக்கிட்டாள். “இப்பதானே ஆரம்பிக்குது? இரு... கொஞ்ச நேரம் இரேன். சொன்னா கேளு, ஷெல்பி.” ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. முகமெல்லாம் தவித்தது.

“வாசல் வரைக்கும் வா. அங்கேயே நல்லாக் கேக்கும்.”

பூட்ஸ் தட்டத் தட்ட என் பின்னாலேயே வந்தாள். அங்கி தரையைக் கூட்டியது.

“ஆல்டித்துன்னு சொன்னா நான் கை தட்டணுமா?”

“ஆல்டித்துன்னு சொல்ல மாட்டாங்கம்மா. நீ வெச்ச பேருதான்.”

உள்ளே நெட் நூலை அவிழ்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

வாசலில் பிரபு பிக்கிள்ஸ் குறுக்கே படுத்திருந்தார். நான் குனியவில்லை. தாண்டிப் போனேன்.