கொடும்பாவிக்கு ஒரு சட்டை

"நாற்பது வீட்டுக்கு ஒரு ரோடா? படகுல போங்கோளேன்!"

அதிகாரி வைத்தியநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னதும் பெரியண்ணனுக்கு உச்சந்தலை கொதித்தது.

அந்தமானில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் அவருடைய ஊர். போன மழையில் சாலையின் பாதி கடலுக்குள் சரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். மகள் கோமளாவுக்கோ நிறைமாதம். சாலையைச் சீராக்க உத்தரவு வாங்கத்தான் ஊராரோடு டெல்லிக்கு வந்து ஜந்தர் மந்தரில் தர்ணா உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது.

"அப்பா, இங்க மேகம் கட்டுது."

"வந்துர்றேன்மா" என்றவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நேற்றுவரை, "ஊருக்கே போயிரலாம்ணே" என்று முனகிக்கொண்டிருந்த குணா இன்று பல்லைக் கடித்தான். "படகுல போகணுமாம்ல! இந்தாளைச் சும்மா விட்டுட்டுப் போறதா?"

"கட்டுங்கடா கொடும்பாவி!" என்றார் பெரியண்ணன்.

பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து உடம்பாகிவிட்டன. மாட்டிவிடத்தான் துணி இல்லை. ஆளுக்கு இருந்ததே மாற்று உடை ஒன்று.

வழக்கம்போல டீ கொண்டுவந்த முத்தம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விழுப்புரத்துக்காரி. கிட்வாய் நகரில் வீட்டு வேலை. வைத்தியநாதன் வீட்டிலும் அவள்தான் பாத்திரம் தேய்க்கிறாள்.

மறுநாள் காலை ஒரு பையோடு வந்தாள். சட்டை, பேன்ட், மூக்குக்கண்ணாடி.

"அந்தாளுதா?"

"அவருதேதாண்ணே. ஜல்தி மாட்டுங்க, போலீஸ்காரன் வந்துரப் போறான்."

கண்ணாடி ஏறியதும் கொடும்பாவி அச்சு அசல் வைத்தியநாதன்! போலீஸ் தண்ணீரோடு ஓடிவருவதற்குள் சட்டை பற்றிக்கொண்டது. டிவிக்காரர்கள் முண்டியடித்தார்கள். எரியும் அதிகாரியையும் இடிந்த சாலையையும் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. சாலை வேலை உடனே தொடங்கும். வைத்தியநாதனுக்கு எங்கோ ஒரு மூலைக்கு மாற்றல்.

பெரியண்ணன் மைக்கைப் பிடித்தார். "தோழர்களே! மனு கொடுத்து உலகத்தில் எவனும் எதையும் வாங்கியதில்லை. எஜமானன் அலமாரியிலேயே கைவைத்து, அவன் சட்டையைத் திருடிவந்தாளே முத்தம்மா, அவள்தான் இந்தப் போராட்டத்தின் வீராங்கனை!"

கைதட்டல் அடங்குமுன் முத்தம்மா பதறி ஓடிவந்து அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"திருடினேன்னு சொல்லாதீங்கண்ணே, பொழப்பு போயிரும்!"

"பயப்படாதே தங்கச்சி. அவனே மூட்டை கட்டிக்கிட்டிருக்கான்."

"ஐயோ, குடுத்தனுப்பினதே அவருதாண்ணே! 'நான் திட்டினதுல ரோஷம் வந்துதா அவாளுக்கு?'ன்னு கேட்டாரு. கொடும்பாவி கட்டுறாங்க, சட்டைதான் இல்லைன்னேன். கண்ணாடியையும் கழட்டிப் பையில போட்டுட்டு, 'இந்த ரோட்டுக்காக எத்தனை தரம் எழுதிட்டேன், மேல ஒருத்தனும் படிக்கலை. என்னை எரிச்சாலாவது படிக்கிறானான்னு பார்ப்போம்'னாரு."