ஜுமாதிலின் முகம்

கல்லறைத் தகரத்தில் வரைந்திருந்த முகத்தைச் சுரண்டிப் போட பெய்ஷென் கத்தியை எடுத்தபோது, பின்னால் சைகல் வந்து நின்றாள்.

வியாழக்கிழமை. செத்தவர்களுக்கு வாசனை போகட்டும் என்று வீட்டில் எண்ணெய் காய்ச்சி, மாவைத் துண்டுபோட்டுப் போர்சோக் பொரித்துவிட்டு, நேரே மேட்டுக்கு ஏறி வந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லறைப் பக்கம் அடிக்கடி வரமாட்டார்கள். இவள் வருவாள். சொல்லிச் சொல்லி ஊருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பெய்ஷென் எழுந்திருக்கவில்லை. முழங்கால் விடவில்லை.

நாரின் ஆற்றுக்கு இந்தப் பக்கம் செத்தவர்களுக்கெல்லாம் முகம் வரைந்தவன் அவன்தான். யாரிடமும் படிக்கவில்லை. டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய சிவப்பையும் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையையும் குழைத்தால் தோல் நிறம் வரும் என்று தானே கண்டுபிடித்தான். நிழல் வைக்கத் தெரிவதற்கு வருஷக்கணக்கானது. கண்ணுக்கு உயிர் வந்தது அதற்கும் பிறகு.

அதற்குள் பாதி மேடு நிறைந்துவிட்டது.

பெய்ஷென் கையில் விழுந்தவர்கள் எல்லாரும் ஒரு தாய்ப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள் என்று ஊர் சிரித்தது. சும்மா சொல்லக்கூடாது, அவனுடைய ஆரம்பகாலப் படங்கள் அப்படித்தான் இருந்தன.

இப்போது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. கை போவதற்குள் பழசைச் சரிசெய்துவிட வேண்டும் என்று இந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு முகமாகச் சுரண்டி மறுபடி வரைந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மிச்சம் இது ஒன்றுதான். அவன் வரைந்த முதல் முகம். டிராக்டர் ஓட்டிய ஜுமாதில், சைகலின் கணவன். இருபது வருஷத்துக்கு மேலாக பெய்ஷென் இந்த வழியே போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஜுமாதிலின் மகனிடம் கேட்டு வாங்கிய லைசென்ஸ் போட்டோவை அவளிடம் நீட்டினான். அந்தக் காலத்தில் தனக்குக் கை வரவில்லை, இப்போது வந்திருக்கிறது, அண்ணனை உள்ளது உள்ளபடி வரைந்து தருகிறேன் அண்ணி என்றான். இது ஒன்று சரியாக வந்தால் போதும், இனித் தூரிகையைத் தொட வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு. அவ்வளவு களைத்திருந்தான்.

சைகல் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். யாரோ அசலூர்க்காரர் படத்தைப் போலத் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தத் தகரத்துல இருக்கறது அவரில்லைன்னு முதல் நாளே தெரியும் பெய்ஷென். கோணல் மூக்கு, ஏறின புருவம். கண்ணாடியைப் பார்த்து வரையக் கத்துக்கிட்டவன் வேற யாரை வரைவான்? உன்னைத்தான் வரைஞ்சு வச்சிருக்கே.”

அவன் கை தானாக மூக்குக்குப் போனது.

அப்படியானால் கண்டிப்பாகச் சுரண்டத்தான் வேண்டும் என்று முனகினான். அவமானமாக இருந்தது. அவள் குனிந்து கத்தியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அழுததும் திட்டியதும் மகன் கல்யாணத்தை வந்து சொன்னதும் இந்த முகத்திடம்தான் என்றாள். பிறகு தகரத்துக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“நீ கீழே இறங்கு. நான் அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்.”