தொண்டை வரைக்கும்

மனித குலத்திலேயே கோபப்படத் தெரியாத ஒரே பெண் தன் மனைவி புனிதா என்பது வடிவேந்தனின் உறுதியான கருத்து.

சுகாதாரத்துறையும் மனநலத்துறையும் ஒன்றான பிறகு, கொசுப்புழு பார்க்க வரும் பெண்ணே வீட்டில் கோபம் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்தார். தேங்கியிருந்தால் வாசலில் தகரம் அடித்து ஒரு மாதம் அடைத்துவிடுவார்கள். அதனால் அவர் வருவதற்குள், யார்மேல் கோபமோ அவரை அடித்துத் தீர்த்துவிடுவது தெருவழக்கம்.

எதிர்வீட்டுச் சகாயத்தின் உதடு கிழிந்து ரத்தம் சொட்டியது. அவர் மனைவி கட்டையை இன்னும் கீழே போடவில்லை.

“பொண்டாட்டிகிட்ட அடிவாங்குறான் பாரு, வெக்கங்கெட்டவன்!” என்று சிரித்தார் வடிவேந்தன்.

தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்த டார்ச்சையே புனிதாவின் வாய்க்குள்ளும் அடித்தார் கொசுப்புழு பார்க்க வந்த பெண். “அக்கா, தொண்டை வரைக்கும் தேங்கிக் கிடக்கே! தகரம் அடிக்கச் சொல்லட்டுமா?”

“நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம்மா” என்றார் புனிதா.

“அப்ப அடுத்த வீட்டப் பாத்துட்டு வர்றேன். அதுக்குள்ள முடிச்சிடுங்க.”

வடிவேந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மகளின் ஹாக்கி மட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டார்.